பழைய காருக்கு எந்த கியர் ஆயில்? - கடைக்காரர் தெரிந்து கொள்ள வேண்டியவை



ஆயில் வியாபாரத்தில் எஞ்சின் ஆயிலுக்குக் கிடைக்கும் மரியாதை கியர் ஆயிலுக்குக் கிடைப்பதில்லை. எஞ்சின் ஆயில் வாங்க வருபவர் கம்பெனி பெயர், நம்பர், விலை எல்லாம் கேட்டுத்தான் வாங்குகிறார். கியர் ஆயில் வாங்க வருபவரோ, "தொண்ணூறு நம்பர் ரெண்டு லிட்டர் கொடுங்க" என்பதோடு நிறுத்திக் கொள்கிறார். கடைப் பையனும் கைக்கு எட்டிய டின்னை எடுத்துக் கொடுத்து பில் போட்டு விடுகிறான்.

புதிய கார்கள் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸுக்கே போய் விடுகின்றன. நம் கவுண்டருக்கு நேரில் வந்து கியர் ஆயில் கேட்பவர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களும், அவர்களுடைய மெக்கானிக்குகளும் முக்கியமானவர்கள். இவர்கள் காரில் உள்ள கியர் பாக்ஸ் கெட்டுப் போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் தேடினாலும் புதுப்பேட்டையில் தேடினாலும் உதிரி பாகம் கிடைப்பது அரிது. ஆகவே, சில நூறு ரூபாய் சரக்கில் நடக்கும் ஒரு பிசகு, விலைக்குக் கிடைக்காத ஒரு பொருளை அழித்து விடக்கூடும். இதை நம் வணிகர்கள் அறிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் ஊரும் பழைய கார்களும்

சென்னை கார் பிறந்த ஊர் என்பதை இளைய தலைமுறை வணிகர்கள் மறந்து விடக்கூடாது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949-ல் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி வெளியிட்டது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும், 1972 முதல் கெஸல் காரையும் செய்து விற்றது. 1950-களில் தொடங்கி சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தின் மீது கார் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப்பாதை அமைந்தது. தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசடர் கார் இன்றும் பார்வைக்கு இருக்கிறது. வடபழனியில் ஏவி.எம். நிறுவனத்தார் 2023-ல் திறந்த காட்சியகத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன.

காட்சிக்கு நிற்கும் கார்கள் போக, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் ஷெட்டுக்குள் பேணி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கும் கார்களும் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம்பர் என்பது கெட்டித்தன்மை மட்டுமே

முதலில் நம்பரைப் பார்ப்போம். டின்னில் எஸ்.ஏ.ஈ. 90 என்றோ 80டபிள்யூ-90 என்றோ போட்டிருப்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பது. அது தரத்தைக் குறிப்பதல்ல.

எஞ்சின் ஆயில் நம்பரும் கியர் ஆயில் நம்பரும் வேறு வேறு அளவுகோல்கள். சட்டை நம்பரையும் செருப்பு நம்பரையும் ஒப்பிட முடியாதது போல இவற்றையும் நேராக ஒப்பிடக் கூடாது. 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90-ன் கெட்டித்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும் என்பது 2005-க்குப் பிந்தைய கணக்கு. எஞ்சின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. ஆகவே கியர் ஆயில் 90, எஞ்சின் ஆயில் 40-க்கும் 50-க்கும் அக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. "தொண்ணூறு என்றால் ஐம்பதைப் போல இரண்டு மடங்கு கெட்டி" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நம்பரோடு வரும் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. எண்ணெய் உறைந்து போகும் அளவுக்குக் குளிரும் நாடுகளுக்கு அது மிக முக்கியம். சென்னை வெயிலுக்கு வெறும் 90 இருந்தாலும் சரி, 80டபிள்யூ-90 இருந்தாலும் சரி, கெட்டித்தன்மையைப் பொறுத்த வரையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜி.எல்.-5 என்பது ஜி.எல்.-4-ன் அண்ணன் அல்ல

இனி வருவதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. டின்னில் சிறிய எழுத்தில் ஏ.பி.ஐ. ஜி.எல்.-4 அல்லது ஜி.எல்.-5 என்று போட்டிருக்கும். எஞ்சின் ஆயிலில் பிந்திய எழுத்து வந்தால் உயர்ந்த சரக்கு என்று பழகிப் போனவர்கள், இங்கும் ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று எண்ணி விடுகிறார்கள். அதுவும் பந்தயம் ஓடிய கார், வேகமான கார் என்றால் ஐந்துதான் போட வேண்டும் என்று அடித்துப் பேசுகிறார்கள். இது தவறு.

இரண்டுக்கும் வேலை வேறு. காரின் பின் அச்சில் கிரவுனும் பினியனும் சேரும் இடத்தில் ஹைபாய்ட் என்னும் வகைப் பல்சக்கரம் இருக்கிறது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாக்கார்ட் கார் இதைக் கொண்டு வந்தது. இந்தப் பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல் அழுத்தி வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்து போகும். அதைத் தாங்குவதற்காக கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். கியர் ஆயிலுக்கு அந்த வாடை வருவது கந்தகத்தால்தான். ஜி.எல்.-5 இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. ஜி.எல்.-4-ல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ரசாயனம் அதில் இருக்கிறது.

கியர் பாக்ஸில் நிலைமை வேறு. கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று இடிக்காமல் இருக்க சிங்க்ரோ ரிங் என்று ஒன்று உண்டு. பழைய கார்களில் அது பித்தளை அல்லது வெண்கலம். கியர் விழுவதற்கு முன் இந்த ரிங் எதிரே உள்ள இரும்புக் கோனைப் பற்றிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. இங்கே ஜி.எல்.-5 ஊற்றினால் இரண்டு கெடுதல்கள் நேரலாம்.

ஒன்று: கந்தகத்துக்கும் செம்புக்கும் ஆகாது. வீட்டில் பித்தளைப் பாத்திரம் கறுப்பதைப் பார்த்திருக்கிறோம். எண்ணெய் சூடேற ஏற, அதிலுள்ள கந்தகம் பித்தளை ரிங்கை அரிக்கத் தொடங்குகிறது. நின்று கொண்டிருக்கும் காரைவிட வேகமாக ஓட்டப்படும் காரில்தான் கியர் பாக்ஸ் அதிகம் சூடாகும். ஆகவே கார் எவ்வளவு வேகமானதோ அவ்வளவுக்கு இந்த விஷயத்தில் எச்சரிக்கை தேவை.

இரண்டு: ரிங் தன் வேலையைச் செய்ய கொஞ்சம் பிடிமானம் வேண்டும். அதிகம் வழுக்கும் எண்ணெயில் அது பிடிக்காமல் சறுக்கும். கியர் இடிக்கும். ஓட்டுபவர் பலமாகத் தள்ளுவார். ரிங் இன்னும் சீக்கிரம் தேயும்.

சில கம்பெனிகள் இன்று பித்தளையைக் கெடுக்காத வகையில் ஜி.எல்.-5 தயாரிக்கின்றன. அப்படியானால் டின்னிலோ கம்பெனித் தாளிலோ சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கும் ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். எழுதியிராவிட்டால் நாமாக அதைச் சொல்லக் கூடாது. எம்.டி.-1 என்று போட்ட சரக்கும் உண்டு. அது சிங்க்ரோ இல்லாத கனரக வண்டிகளுக்கானது. காருக்குக் கொடுக்க வேண்டாம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெய் வியாபாரத்தில் பாத்திரம் என்பது கியர் பாக்ஸ். உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று அறியாமல் வெளியே உள்ள நம்பரை மட்டும் பார்த்து ஊற்றக் கூடாது.

மூன்று வாடிக்கையாளர்கள்

விளங்குவதற்காக, ஒரே நாளில் மூன்று பேர் நம் கடைக்கு வருவதாக வைத்துக் கொள்வோம்.

மயிலாப்பூரிலிருந்து வருபவரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. கியர் பாக்ஸுக்கு 90 அல்லது 80டபிள்யூ-90, ஜி.எல்.-4 கொடுக்க வேண்டும். பின் அச்சுக்கு 90 ஹைபாய்ட் ஆயில்; அங்கே ஜி.எல்.-5 தாராளமாக ஆகும். ஆனால் இந்தக் காருக்கு மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் என்ற செம்பு கலந்த உலோகக் கட்டைக்குள் மரை போலத் திருகி நிற்கும். அதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும் என்பது காரைச் செய்தவர்களின் விதி. கிரீஸ் அடித்தால் அது இறுகி, மரைக்குள் போகாமல் நின்று விடும். உள்ளே தண்ணீர் சேர்ந்து துரு ஏறி, ஒரு நாள் தண்டு முறியும். சக்கரம் மடங்கி விழும். கார் ஓடிக் கொண்டிருக்கும்போது இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஹெரால்ட், கெஸல் காருக்கு கியர் ஆயில் வாங்க வருபவரிடம், "முன் ட்ரன்னியனுக்கும் இதே ஜி.எல்.-4 ஆயில்தான், கிரீஸ் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை.

அடையாறிலிருந்து வருபவரிடம் 1960-களின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இவருக்குக் கியர் பாக்ஸுக்குக் கியர் ஆயிலே கொடுக்கக் கூடாது. அந்தக் காரின் புத்தகத்தில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கியர் பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவ் என்னும் அமைப்பு இருந்தால் அதுவும் இதே எண்ணெயில்தான் ஓடும். அதற்குள் கோன் கிளட்ச் பிடிக்க வேண்டியிருப்பதால், அதிகம் வழுக்கும் ரசாயனம் சேர்த்த சரக்கு கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று விளம்பரம் செய்யப்படும் மெல்லிய புது எஞ்சின் ஆயிலும் கூடாது. பின் அச்சுக்கு மட்டும் 90 ஹைபாய்ட். பழைய மினி காரிலோ எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே தொட்டியில் ஒரே எண்ணெயில் நனைகின்றன. அங்கே கியர் ஆயிலுக்கு இடமே இல்லை.

தி.நகரிலிருந்து வருபவரிடம் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள அமெரிக்கக் கார் இருக்கிறது. இவருக்கு வேண்டியது ஏ.டி.எஃப். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிவப்பு எல்லாம் ஒன்றல்ல

ஏ.டி.எஃப். சிவப்பாக இருப்பது சாயத்தால். கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உதவுமே தவிர, நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

செவர்லே போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முதலில் 1949-ல் டைப் ஏ என்ற சரக்கு வந்தது. பிறகு 1967-ல் டெக்ஸ்ரான் வந்தது. தொடக்க கால டெக்ஸ்ரானில் திமிங்கல எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததால் வேறு ரசாயனத்துக்கு மாறி டெக்ஸ்ரான்-2 வந்தது. 1993-ல் டெக்ஸ்ரான்-3, 2005-ல் டெக்ஸ்ரான்-6. ஃபோர்ட் கம்பெனியோ 1960-களில் டைப் எஃப் என்ற வேறு வழியில் போயிற்று.

டெக்ஸ்ரானில் பிடியை மென்மையாக்கும் ரசாயனம் உண்டு. டைப் எஃப்-ல் அது இல்லை. கிளட்ச் பிளேட் சட்டென்று பிடிக்கும். ஆகவே 1960-களின் மஸ்டாங்குக்கு டைப் எஃப், இம்பாலாவுக்கு டெக்ஸ்ரான். மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? மஸ்டாங்கில் டெக்ஸ்ரான் ஊற்றினால் பிளேட்டுகள் பிடிக்கத் தாமதித்து வழுக்கிக் கருகும். இம்பாலாவில் டைப் எஃப் ஊற்றினால் ஒவ்வொரு கியருக்கும் கார் உதைக்கும்.

இன்னொன்றையும் வணிகர்கள் கவனிக்க வேண்டும். டெக்ஸ்ரான்-3 சரக்குக்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் கொடுப்பது 2006-ம் ஆண்டோடு நின்று விட்டது. இன்று டின்னில் டெக்ஸ்ரான்-3 என்றிருந்தால் அது எண்ணெய்க் கம்பெனியின் சொந்த வாக்குறுதி. எனவே பெயர் பெற்ற கம்பெனி சரக்கையே வாங்கி விற்க வேண்டும். டெக்ஸ்ரான்-6 மெல்லியது, ஜெனரல் மோட்டார்ஸ் தன் பழைய கியர் பாக்ஸ்களுக்கும் அது ஆகும் என்கிறது. ஆனால் அதை மற்ற கம்பெனிக் கார்களுக்கும் பொதுவாக எடுத்துக் கொள்ளக் கூடாது. இக்காலத்து சி.வி.டி. ஆயிலைப் பழைய ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கவே கூடாது.

கவுண்டரில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. கார் எது, எந்த வருடம்?
2. எண்ணெய் கியர் பாக்ஸுக்கா, பின் அச்சுக்கா?
3. கையால் போடும் கியரா, ஆட்டோமேட்டிக்கா? ஓவர்டிரைவ் இருக்கிறதா? பின் அச்சு லிமிடெட் ஸ்லிப் வகையா? அந்த வகைக்கு அதற்குரிய ரசாயனம் சேர்ந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது அதிர்ந்து சத்தம் போடும்.
4. எஞ்சினும் கியர் பாக்ஸும் காரோடு வந்தவைதானா, மாற்றியவையா?

நான்காவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் ஊரில் வேறு எஞ்சின், வேறு கியர் பாக்ஸ் ஏற்றப்பட்ட பழைய கார்கள் அநேகம். அம்பாசடரை எடுத்துக் கொண்டால், 1990-களில் கம்பெனியிலிருந்தே இசூசு எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் வைத்து வந்ததுண்டு. பாடியில் உள்ள பெயரைப் பார்த்து எண்ணெய் கொடுக்க முடியாது. உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ் எதுவோ, அதன் புத்தகம் சொல்வதைத்தான் கொடுக்க வேண்டும். புத்தகம் இல்லையென்றால் அந்த வகைக் காரில் பழகிய மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி வரச் சொல்லலாம். அன்றைக்கு வியாபாரம் போனாலும் மறுநாள் அவர் நம்மிடமே வருவார்.

மெக்கானிக் நண்பர்களுக்கும் சில வார்த்தைகள். பழைய எண்ணெயை இறக்குவதற்கு முன், மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும். கீழே இறக்கிய பிறகு மேல் பிளக் கழலவில்லை என்றால் கார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். எண்ணெயைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பின் இறக்கினால் கசடும் சேர்ந்து வரும். இறக்கிய எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொன் துகள் போல மின்னக்கூடும். அது பித்தளை ரிங் கரைவதன் அடையாளம். பிளக்கில் உள்ள காந்தம் இரும்புத் தூளைத்தான் பிடிக்கும். பித்தளை அதில் ஒட்டாது. சத்தம் போடுகிறது என்பதற்காக 90-க்குப் பதில் 140 ஊற்றி அமுக்குவது நோயை மறைப்பதே தவிர வைத்தியம் அல்ல.

சரக்கு வைப்பது பற்றி

சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் சொல்லும் நியாயமான குறை ஒன்று உண்டு. "ஜி.எல்.-4 மெதுவாகத்தான் போகிறது. பணத்தை அதில் முடக்கி வைக்க முடியுமா? ஜி.எல்.-5 ஒன்றையே வைத்தால் லாரிக்காரனும் வாங்குவான், கார்க்காரனும் வாங்குவான்" என்கிறார்கள். முதல் முடங்கும் கஷ்டம் நமக்கும் தெரிந்ததுதான். அதற்கு வழி உண்டு. ஜி.எல்.-4-ஐ ஒரு லிட்டர் டின்னாகவே கொள்முதல் செய்யலாம். ஒரே பகுதியில் உள்ள மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பகிர்ந்து கொள்ளலாம். ஏ.டி.எஃப். டைப் எஃப் போன்ற அரிய சரக்கை ஒருவர் வைத்து, மற்றவர்கள் வாடிக்கையாளரை அவரிடம் அனுப்பலாம். வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புவதால் யாரும் நஷ்டப்பட்டதில்லை. தவறான சரக்கைத் தலையில் கட்டியதால் பேர் கெட்டவர்கள் உண்டு.

லூஸ் ஆயிலைப் பழைய காருக்குக் கொடுக்கவே வேண்டாம். அதில் ஜி.எல். எண் என்ன என்பதற்கு யாரும் சாட்சி இல்லை. பேரல் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் அதை வெளியே நிமிர்த்தி வைக்கக் கூடாது. மேலே தேங்கும் தண்ணீரை, பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி மூடி வழியாக உள்ளே இழுத்து விடும். கூரைக்குக் கீழே வைக்க வேண்டும்; இடம் இல்லையென்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி, எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வைக்க வேண்டும்.

கடைசியாக, பில் போடும்போது 'கியர் ஆயில் 2 லிட்டர்' என்று மட்டும் எழுதாமல், காரின் பெயர், நம்பர், ஜி.எல். எண், எந்த இடத்துக்கு என்பதையும் எழுதிக் கொடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து அதே விவரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் உங்கள் பகுதியில் உள்ள பழைய கார்கள் எல்லாவற்றின் ஜாதகமும் உங்கள் கையில் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும், கடைப் பையன் அந்த நோட்டைப் பார்த்துச் சரியான டின்னை எடுத்துக் கொடுப்பான்.